ஏழுகட்டு வீட்டின் ஐந்து தரைகள்

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் தேக்கு உத்திரம். அது சுவருக்குள் நுழைகிற இடத்தில் சும்மா ஒரு குத்துக் குத்திப் பார்க்கலாம் என்றுதான் குத்தினேன். நல்ல தேக்காக இருந்தால் நுனிகூட இறங்காது, நமக்குத்தான் மணிக்கட்டு வலிக்கும். இது டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி விட்டுக்கொடுத்தது. வெளியே இழுத்தபோது ஈரமான பழுப்புத் தூள் முகத்தில் கொட்டியது. மழைக்காலம் முழுவதும் மூடியே கிடந்த அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிஜாமுதீன் பாய் நின்றார். வீட்டுக்காரர். அவருடைய மகள் சமீராவின் நிக்காஹுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

"என்ன மேடம், ஒண்ணும் இல்லைல்ல?" என்றார்.

நான் இறங்கி, ஏணியை அடுத்த உத்திரத்துக்கு நகர்த்தச் சொன்னேன். அப்புறம் அதற்கடுத்தது. அந்தக் கூடத்துக்கு ஒன்பது உத்திரங்கள். நான்கின் முனை மக்கிப்போயிருந்தது.

கல்யாணத்துக்குக் கூடத்தில் பெரிய சரவிளக்கு மாட்ட வேண்டும் என்று, எலக்ட்ரீஷியன் ஃபால்ஸ் சீலிங்கின் இரண்டு பலகைகளைக் கழற்றியிருக்கிறார். கைப்பிடி அளவு மரத்தூள் அவர் தலையில் விழுந்திருக்கிறது. "சின்ன விஷயந்தான், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று பாய் போன் செய்திருந்தார். சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். முப்பது வருட இன்ஜினியர் தொழில் பழக்கம்.

கல்யாண ஏற்பாடு இப்படி: மாடிக் கூடத்தில் பெண்கள், நேர் கீழே இந்தக் கூடத்தில் ஆண்கள். மேலே முந்நூறு பேராவது இருப்பார்கள், குழந்தைகளை யாரும் எண்ணுவதில்லை. தரை விழுந்தால் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் சேர்ந்தே போவார்கள்.

ஏழு என்பது பேருக்குத்தான்

தஞ்சாவூரில் ஏழுகட்டு வீடு என்றால் ஆட்டோக்காரர்கள் கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் சேர்ந்தது ஒரு கட்டு. அப்படி ஏழு, ஒன்றன் பின் ஒன்றாக, இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியுமாம். இன்று மிச்சம் மூன்று. நான்காவது கட்டு இருந்த இடத்தில் செல்போன் கடை, ஐந்தாவதில் டியூஷன் சென்டர். மற்ற இரண்டும் எங்கே போயின என்று அந்தத் தெருக்காரர்களுக்கே தெரியாது.

கீழ்த்தளம் நாயக்கர் காலத்தது. பத்திரம் கேட்காதீர்கள், என்னிடம் கிடையாது. செங்கல்லைப் பார்த்துச் சொல்கிறேன். நம் செங்கல்லில் பாதிக் கனம்கூட இருக்காது, பிஸ்கட் மாதிரி மெல்லிசு. சுவர் மூன்றடி அகலம். அந்த அகலத்துக்குள்ளேயே மாடிப்படி ஏறுகிறது. கையில் ஒரு பை இருந்தால்கூடத் தோள் உரசும்.

மாடி பிற்பாடு வந்தது. மராட்டியர் காலத்தில் அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் வாங்கி, கீழ்க்கூடத்தின் பழைய கூரையை எடுத்துவிட்டு மலையாளத் தேக்கைக் குறுக்கே போட்டு, அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே ஒரு கூடம் எழுப்பினார். வளைவுக்குள் வளைவாக ஜன்னல்கள். அதற்கப்புறம் குடவாசல் பக்கம் நிலம் வைத்திருந்த ஒரு மிராசுக் குடும்பத்துக்குக் கைமாறியது. அவர்கள் ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி போட்டார்கள், நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த இரும்புக் கிராதியைத் தெருப்பக்கம் வைத்தார்கள். கடைசியாக ஷார்ஜாவிலிருந்து வந்த நிஜாமுதீன் பாய்.

எனக்குக் குடவாசல் பக்கம்தான் ஊர். அந்த மிராசு நிலத்தில் நாற்று நட்டவர்கள் எங்கள் ஆட்கள். இன்று அதில் இரண்டு மா நிலம் என் அண்ணன் பெயரில் பட்டா. இதைப் பெருமைக்காக எழுதவில்லை, கதைக்கு வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு இத்தாலியிலிருந்து ஒரு பெண்மணி இந்த வீட்டைப் பார்க்க வந்தார். தங்கள் ஊரிலும் இதே வயதில் வியாபாரிகள் கட்டிய மாளிகைகள் உண்டு, இதேபோல நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவு, மேலே விருந்துக் கூடம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இரண்டு ஊர்க்காரர்களும் பேசிவைத்துக்கொண்டா கட்டினார்கள் என்று சிரித்தார். ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. இவ்வளவு பெரிய மாடிக் கூடத்துக்கு வாசல் கதவு ஏன் இவ்வளவு குட்டை?

கூட வந்த கைடு யோசிக்கவே இல்லை. "பணிவு மேடம். அந்தக் காலத்துல யாரா இருந்தாலும் குனிஞ்சுதான் உள்ள வரணும்."

அந்தம்மா பக்தியோடு குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பணிவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கதவு ஆறேகால் அடியில்தான் பிறந்தது. தரை மேலே வந்துகொண்டே இருந்ததால் ஐந்தரை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியை அறுத்திருக்கிறார்கள். அதில் செதுக்கியிருந்த யானைக்கு இப்போது கால்களே இல்லை.

தரையை மட்டும் உடைக்காதீங்க

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பழைய தரையைக் கொத்தி எடுக்க மாட்டார்கள். புதுத் தரை வேண்டுமென்றால் பழையதன் மேலேயே போட வேண்டும். யார் ஆரம்பித்தது, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். லட்சுமி போய்விடுவாள் என்பார் ஒருவர். கீழே யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள் என்பார் இன்னொருவர். முதல் மாடித் தரையில், இரண்டு செங்கல் கனத்துக்குள் எதை வைக்க முடியும் என்று நான் கேட்டிருக்கிறேன்.

பாய் வீட்டை வாங்கியபோது மிராசுக் குடும்பத்துப் பெரியவர் சாவியைக் கையில் கொடுத்து, "தரைய மட்டும் ஒடைக்காதீங்க தம்பி, வேற என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்றாராம். பாய் ஒப்புக்கொண்டார். அவர் தொழுகிற ஆள், லட்சுமி போவதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? ஆனாலும் ஒப்புக்கொண்டார். "இத்தனை தலைமுறையா அவங்க காப்பாத்தின வீடு. நாளைக்கு ஒரு பாய் வந்து ஒடைச்சுட்டான்னு தெருவுல ஒரு பேச்சு வரக் கூடாது மேடம்" என்று என்னிடம் சொன்னார். மரியாதைக்காகச் செய்ததுதான். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

குறை என்னுடையது.

அது நடந்து பதினெட்டு வருடம் இருக்கும். தனியாகத் தொழில் தொடங்கி நான் எடுத்த முதல் பெரிய வேலை. மாடிக் கூடத்தில் மொசைக் இருந்தது. பாய்க்குக் கறுப்பு கிரானைட் வேண்டும், மொசைக்கை உடைக்கக் கூடாது. நான் கூடத்தின் நீள அகலத்தை அளந்தேன், கல்லுக்கு ஆர்டர் கொடுத்தேன். கீழே இறங்கிவந்து உத்திரத்தைப் பார்க்கவில்லை. கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள், பளபளவென்று இருந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

வேலைக்கு வந்த கொத்தனார் அந்தோணி. என் வயதுதான் அவருக்கும். பூதலூர் பக்கத்துக்காரர். முதல் கல்லை இறக்கும்போதே என்னிடம் வந்தார்.

"மேடம், இது மேல இதையும் போட்டா வெயிட்டு ஜாஸ்தி ஆயிடும். பழசைக் கொத்தி எடுத்துட்டுப் போட்டுரலாமே. பாய்கிட்ட நீங்க சொன்னா கேப்பாரு."

"இங்க இன்ஜினியர் யாரு? நீங்களா, நானா?"

சுற்றி நாலு ஆட்கள் நின்றார்கள். அந்தோணி தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சிமென்ட் குழைத்தார். கூடவே வெளிச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சையும் எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசச் சொன்னேன், அதுவும் நடந்தது.

ஏன் அப்படிப் பேசினேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. என் அப்பா இந்த வீட்டின் கொல்லைக் கதவு வரைக்கும் நெல் மூட்டை தூக்கி வந்திருக்கிறார். நான் முன்வாசல் வழியாக, கழுத்தில் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒருவர் 'இது தப்பு' என்று சொல்வதைக் கேட்கிற காது எனக்கு இல்லை.

கரையான் என்று சொன்னேன்

ஏணியை விட்டு இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பாயின் மனைவி ரஹ்மத் ஒரு டம்ளர் ரோஸ் மில்க் கொண்டுவந்து வைத்தார். சமீரா மருதாணிப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வைத்தாள்.

"மாடியில கல்யாணம் வேணாம் பாய்," என்றேன். "உத்திரம் நாலு போயிடுச்சு."

"எப்படி மேடம்?"

"கரையான். சுவர்ல ஈரமும் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. கரையான் இருந்தது, ஈரமும் இருந்தது. சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது, உத்திரத்தின் முனை அதில் ஊறியது, ஊறிய மரத்தின் தலையில் ஒரு லாரிக் கல் உட்கார்ந்திருந்தது. இதில் கரையானையும் ஈரத்தையும் மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றேன்.

பாய் சுவரைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பூச்சு அந்தோணி பூசினதுல்ல?"

நான் ரோஸ் மில்க்கைக் குடித்தேன்.

"அவன்தான் கெடுத்துட்டான்," என்றார் பாய். அவர் அதிர்ந்து பேசுகிற மனிதர் இல்லை. அன்று அவருக்குக் குரல் உடைந்தது. என் முன்னாலேயே அந்தோணிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் போட்டார். "என் புள்ள உசுரோட வெளயாண்டிருக்கியேப்பா" என்றார். இனி தன் வீட்டுப் பக்கம் வரக் கூடாது, தனக்குத் தெரிந்த யார் வீட்டுக்கும் அனுப்பப் போவதில்லை என்றார். கடைத்தெருவில் பாய்க்குத் தெரியாத ஆள் கிடையாது. அந்தோணிக்கு வேலையில் பாதி அவர் மூலமாக வருவது.

பிறகு அந்தோணி, "மேடம் அங்கதான் இருக்காங்களா பாய்?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"சரிங்க பாய்," என்று வைத்துவிட்டார்.

திருக்கடையூரில் உட்கார முடியவில்லை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், சாதாரண நாளிலேயே நான் ஓரிடத்தில் உட்கார்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்தே பாவாடை கிழிந்த கதையை எழுதியிருக்கிறேன். அடுத்த இரண்டு நாட்கள் அதையெல்லாம் மிஞ்சிவிட்டன.

இரண்டாம் நாள் என் சித்தப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. வேன் வைத்துப் போனோம். வழி நெடுக சம்பா பூட்டையும் பாலுமாக, கதிர் வெளிவந்து மணி பிடிக்கிற பருவத்தில் நின்றது. எல்லோரும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்து இந்த வருடம் தேறிவிடும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 'மேடம் அங்கதான் இருக்காங்களா?'

அந்தோணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நானே சொல்வேன் என்று நினைத்திருப்பாரோ?

கோயிலில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து ஜோடிகளுக்கு நடந்துகொண்டிருந்தது. ஹோமப் புகை, கலசங்கள், பட்டுப்புடவைக்குள் வியர்த்துக் கொட்டும் சித்திமார்கள். நான் அண்ணாந்து கல் விட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு தூணைத் தட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"நீ கல்யாணம் பாக்க வந்தியா, கட்டடம் பாக்க வந்தியா?" என்றார் என் கணவர்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, "மாடியில கல்யாணம் நிக்குதுல்ல? அப்ப யாருக்கும் ஆபத்து இல்லை. விடு" என்றார்.

அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொருவர் வாயால் கேட்டபோது கேவலமாக இருந்தது. சாப்பாட்டுப் பந்தி போடுவதற்கு முன்னால் மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கிருந்து கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர். மூன்று பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

ஸ்பீக்கரில் போடுங்க

பாய் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக நான் போய் நின்றதைப் பார்த்து ரஹ்மத்துக்குப் பயம் வந்துவிட்டது.

"பாய், அந்தோணிக்குப் போன் போடுங்க. அன்னைக்கு மாதிரியே ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். நான் பேசினேன். பழசை எடுத்துவிட்டுக் கிரானைட் போடலாம் என்று அந்தோணி அன்றைக்கே சொன்னதைச் சொன்னேன். நான் அவரை ஆட்கள் முன்னால் எடுத்தெறிந்து பேசியதைச் சொன்னேன். சிமென்ட் பூசச் சொன்னது நான் என்றும், கீழே வந்து உத்திரத்தைப் பார்க்காதது நான் என்றும், முந்தாநாள் கரையான் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றது நான் என்றும் சொன்னேன். பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சாப்பாட்டு விரிப்பையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

பாய் விரிப்பில் கிடந்த ஒரு பருக்கையை எடுத்துத் தட்டில் போட்டார்.

"நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனே மேடம்," என்றார். "கல்லே வேணாம்னு விட்டிருப்பேன். மொசைக் நல்லாத்தான இருந்துச்சு?"

"தெரியும் பாய்."

"அந்தோணி, லைன்ல இருக்கியாப்பா?"

"இருக்கேன் பாய்."

"நான் வர்றேன். வீட்லயே இரு."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பூதலூர் வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தோணியை வண்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தோணி என்னைப் பார்த்து, "பூவெல்லாம் வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை. எனக்கு அது போதவில்லை. நன்றாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேலிருந்து கீழே

பாரத்தை இறக்க வேண்டும். கல்யாணம் எங்கே நடந்தாலும், அந்த வீட்டில் ஆட்கள் இருக்கப்போகிறார்கள். பாய்க்கு இன்னும் அந்த வாக்கு உறுத்தியது. மிராசுப் பெரியவர் காலமாகிவிட்டார், மகன் சென்னையில் இருக்கிறார். பாய் அவரிடமே போனில் அனுமதி கேட்டார்.

அவர் சிரித்துவிட்டார். "அது ஒண்ணும் சாஸ்திரம் இல்லீங்க பாய். தரைய ஒடைச்சா ஒரு மாசம் வெளியில வாடகைக்குப் போகணும், சாமானை எல்லாம் தூக்கணும். எங்க வீட்டு ஆளுங்களுக்கு அவ்வளவு சோம்பேறித்தனம். அப்பா சும்மா ஒரு பழக்கத்துல சொல்லியிருப்பாரு."

ஒரு வீடே விழப் பார்த்ததற்குக் காரணம் இது. பாய் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

முதலில் கீழே சவுக்குக் கம்புகளை நெருக்கமாக முட்டுக்கொடுத்தோம். சம்மட்டி கூடாது என்றார் அந்தோணி, அதிர்ந்தால் ஆபத்து. சின்ன உளிதான், ஒரு நேரத்துக்கு மூன்று பேர்தான். முதல் கல்லை நீங்கள் எடுங்கள் என்று உளியை என்னிடம் நீட்டினார். முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்தேன். கறுப்பு கிரானைட் பதினெட்டு வருடத்தில் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதன் கீழே மொசைக். ஒரு மூலையில் இங்க் கறை. இடையில் சில காலம் இந்த மாடியைக் கல்லூரி மாணவர்களுக்கு விடுதியாக விட்டிருந்தார்கள்.

அதன் கீழே சிவப்புத் தரை. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வளர்த்த சிவப்பு, துடைத்ததும் முகம் தெரிந்தது. ஊஞ்சல் சங்கிலிக்கு நேர் கீழே மட்டும் கால் உந்தி உந்தி மங்கியிருந்தது.

அதன் கீழே கப்பலில் வந்த பூப்போட்ட தரைக்கல். நீலமும் மஞ்சளும். சமீரா அதுவரை என்னோடு பேசாமல் இருந்தவள், வாசலில் வந்து நின்று பார்த்தாள். ஒரு கல்லை மட்டும் உடையாமல் எடுத்துத் தரச் சொன்னாள். அந்தோணி நான்கு எடுத்துக் கொடுத்தார்.

கடைசியில் மராட்டியர் காலத்துச் சுண்ணாம்புத் தரை. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, முட்டையோட்டு நிறம். கை வைத்தால் சில்லென்று இருந்தது. அதன்மேல் வேறெந்தத் தரையும் வேண்டியிருக்கவில்லை. அதைப் போட்டவருக்கு அது தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வெறுங்காலில் அதன்மேல் நின்றோம்.

ஆறு லாரிக் கல்லும் காரையும் இறக்கினோம். உத்திரங்களை மாற்றுவதற்கு அப்புறம் நான்கு மாதம் பிடித்தது.

பந்தலில்

நிக்காஹ் முற்றத்தில் நடந்தது. பெண்களுக்குத் தெருவை அடைத்துப் பந்தல். சமீராவுக்கு மாடிக் கூடத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. ஒன்பதாம் வகுப்பில் அதைப் படமாகவே வரைந்து வைத்திருந்தாளாம். நான் வாழ்த்தப் போனபோது நேராகக் கேட்டாள்.

"மாடியில வச்சிருந்தா நெஜமாவே விழுந்திருக்குமா ஆன்ட்டி?"

"தெரியாதும்மா."

"தெரியாமத்தான் மாத்த வச்சீங்களா?"

விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். நான் சொன்னது சரியா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும் சேர்த்துத்தான். அவள் கோபத்தோடு ஒரு பூவை எடுத்து என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பாட்டில் ரஹ்மத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தப் பத்து நாளில் பாய் கேட்டது, தச்சர்கள் கேட்டது, மாப்பிள்ளை வீட்டார் கேட்டது எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிவிட்டேன். ரஹ்மத் மட்டும் எதுவும் கேட்டதில்லை. என் தட்டில் பிரியாணியைக் குவித்து, தயிர்ப் பச்சடியை ஊற்றினார். பிறகு கேட்டார்.

"மேடம், இது மாதிரி வேற எத்தனை வீட்ல போட்டீங்க?"

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதினெட்டு வருடம் அந்தக் கல்லின் மேல் பிள்ளைகளை விளையாடவிட்டவர் அவர். நானோ இந்தப் பத்து நாளும் என் தப்பு, என் வெட்கம், என் மன்னிப்பு என்று என்னைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பரணில் இருந்த பழைய டைரிகளை இறக்கினேன். ஏழுகட்டு வீட்டின் கிரானைட்டைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று வந்தவர்கள். அப்போது நான் சந்தோஷப்பட்டு எடுத்துக்கொண்ட வேலைகள். கும்பகோணத்தில் நான்கு, தஞ்சாவூரில் மூன்று, திருவாரூரில் ஒன்று, சீர்காழியில் ஒன்று. ஒன்பது பழைய மாடிகள். ஒன்றிலும் கீழே போய் உத்திரத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை அந்தோணியைக் கூட்டிக்கொண்டு சீர்காழிக்குப் போனேன். தூரமாக இருப்பதை முதலில் முடித்துவிடலாம் என்று சொன்னது அவர்தான். அந்த வீட்டைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கவில்லை. வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். மாடியிலிருந்து யாரோ குதித்து விளையாடுகிற சத்தம் கேட்டது.

அழைப்பு மணியை அழுத்தினேன். ஒரு பெண் ஈரக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"என்னங்க வேணும்?"

"கொஞ்சம் மாடியில இருக்கற பிள்ளைங்களக் கீழ வரச் சொல்றீங்களா?" என்றேன். "அப்புறம் உக்காந்து சொல்றேன்."